ஃப்ளாட்டில் 15 வாட் ட்யூப் ஆம்ப்: அக்கம்பக்கம் கதவைத் தட்டாமல் ரெக்கார்ட் செய்ய என்ன வழி?

ஆறாம்கம்பி

வணக்கம். கையில் இருப்பவை: ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் (15 வாட், பவர் பக்கம் இரண்டு ஈஎல்84 ட்யூப், அதாவது வால்வு, 230 வோல்ட் மாடல்), ஒரு ஷ்யூர் எஸ்எம்57 மைக், இரண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். சென்னையில் அடுக்குமாடி வீடு, 10க்கு 11 அடி அறை. கீழேயும் பக்கத்திலும் குடும்பங்கள்.

எனக்கு வேண்டியது வால்யூம் (முன் கட்டமான ப்ரீஆம்பின் நாப்) 7, மாஸ்டர் (மொத்த சத்தத்தின் நாப்) 8ல் வரும் கரகரப்பு. அந்த அளவில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மாஸ்டரை 2க்கு இறக்கினால் தகர டப்பாவில் கொசுவை அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

கேள்விகள்: இரண்டு ஈஎல்84ல் ஒன்றைக் கழற்றினால் சத்தம் பாதியாகும் என்கிறார்களே, சரியா? ஸ்பீக்கர் வயரை உருவிவிட்டு அந்த ஜாக்கிலிருந்து நேராக இன்டர்ஃபேஸுக்கு எடுக்கலாமா? அதெல்லாம் இல்லையென்றால் அட்டென்யூட்டரா (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைப்பது), லோடு பாக்ஸா (ஸ்பீக்கருக்குப் பதில் ஆற்றலை வாங்கிக்கொள்வது), அலமாரிக்குள் வைத்து மெத்தையால் மூடுவதா? இந்த ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் பக்கத்துக்கும் நடுவில் பெடல் செருகும் ஜாக்) கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

வால்வுவைத்தியர்

முதல் இரண்டு யோசனையையும் இன்றே மறந்துவிடுங்கள். இரண்டும் ஆம்பைக் கெடுக்கும்.

ஸ்பீக்கர் வயரை உருவிவிட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு லோடு இல்லை. ஆற்றல் போக இடமில்லாமல் பிரைமரி பக்கம் வோல்டேஜ் தாறுமாறாக எகிறும். வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கும், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் இன்சுலேஷன் துளைத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஷார்ட் ஆனால் சாகும், ட்யூப் ஆம்ப் ஓப்பன் ஆனால் சாகும். அதோடு, அந்த ஜாக்கில் 15 வாட்டுக்கு 8 ஓமில் சுமார் 11 வோல்ட் ஆர்எம்எஸ் வரும். முழுக்க கிளிப் ஆனால் (அலையின் உச்சி வெட்டுப்பட்டால்) 15 வோல்ட்டைத் தாண்டும். இன்டர்ஃபேஸ் இன்புட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஒரு வால்வைக் கழற்றுவது: உங்கள் ஆம்ப் புஷ்-புல், அதாவது இரண்டு பவர் வால்வும் மாறிமாறி வேலை செய்வது. இரண்டு வால்வின் டிசி கரண்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோரில் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. ஒன்றைப் பிடுங்கினால் மிச்ச டிசி கோரை முழுக்கக் காந்தமாக்கிவிடும். பேஸ் காணாமல் போகும், தனியே மாட்டிக்கொண்ட வால்வு கூடுதல் சூட்டில் வேகும். இந்தத் தந்திரம் நான்கு பவர் வால்வு உள்ள ஆம்புக்கானது. அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டைக் கழற்றி, 8 ஓம் கேபினெட் என்றால் செலக்டரை 4 ஓமில் வைப்பார்கள்.

இனி கணக்கு. காதுக்குப் பாதி சத்தம் என்றால் 10 டெசிபெல் குறைய வேண்டும். 10 டெசிபெல் குறைய பவர் பத்தில் ஒரு பங்காக வேண்டும். கித்தார் ஸ்பீக்கர்கள் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 97 முதல் 100 டெசிபெல் வரை தருபவை. 97 என்றே வைத்துக்கொள்வோம்:

15 வாட் → சுமார் 109 டெசிபெல்
1.5 வாட் → 99
0.15 வாட் → 89

ஒரு வாட் ஆம்ப் வாங்கினால் போதும் என்று நம்பி ஏமாறுபவர்கள் இந்த நடு வரியைப் பார்ப்பதில்லை. ஃப்ளாட்டுக்கு 1.5 வாட்டே அதிகம். ஒலி மாசு விதிகளின்படி (2000) குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல். சுவரும் கதவும் கொஞ்சம் தின்றாலும் நீங்கள் 0.15 வாட் பக்கம்தான் வர வேண்டும், அல்லது முழு மௌனம்.

எனவே கேள்வி “எத்தனை வாட்” அல்ல. உங்களுக்குப் பிடித்த கரகரப்பு ஆம்பின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதுதான். ப்ரீஆம்பில் பிறந்தால் மாஸ்டரை இறக்கியே எடுக்கலாம். மாஸ்டர் 8ல்தான் அது வருகிறது என்றால் ஈஎல்84ம் அவற்றுக்கு எதிரெதிர் சிக்னல் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டரும் சேர்ந்து கிளிப் ஆவதால் வருவது. அதற்கு மாஸ்டர் மேலேதான் இருக்க வேண்டும். வெளியே வந்த ஆற்றலை வேறொன்று தின்ன வேண்டும். அதுதான் ரியாக்டிவ் லோடு, ஸ்பீக்கரைப் போலவே நடந்துகொள்ளும் லோடு பாக்ஸ்.

---

மூடியகதவு

வைத்தியர் சொன்னதில் தப்பில்ல. ஆனா காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் இதை முயற்சி பண்ணிப் பாருங்க. மாஸ்டர் 2ல கேவலமா இருக்குன்னு சொல்றது பாதி ஆம்போட குத்தம், பாதி நம்ம காதோட குத்தம். சத்தம் குறைஞ்சா காது முதல்ல பேஸை விடும், அப்புறம் உச்சி ட்ரெபிளை. 1933ல ஃப்ளெட்சரும் மன்சனும் வரைஞ்சு காட்டின விஷயம் இது. மைக்குக்கு அந்தக் கோளாறு கிடையாது. ரூம்ல நின்னு கேட்டு முடிவு பண்ணாம, ரெக்கார்ட் பண்ணி, உங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டோட அதே லெவல்ல போட்டுக் கேட்டு முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, மெதுவா வாசிக்கும்போது பேஸ் இல்லைன்னு நாப்பைத் திருப்பாதீங்க. மிக்ஸ்ல வந்தா சேறா இருக்கும்.

செட்டிங்: வால்யூம் 7, மாஸ்டர் 2.5 – 3, ரிவர்ப் 0 (பின்னாடி சேர்த்துக்கலாம், எடுக்க முடியாது), ஃபேட் பட்டன் ஆஃப்.

ஆம்பைத் தரையில வைக்காதீங்க. கீழ் வீட்டுக்காரருக்குப் போறது காத்து வழியா போறதைவிட கான்க்ரீட் வழியா போறதுதான் ஜாஸ்தி. ஜிம்முக்கு விரிக்கிற ரப்பர் பாய் ரெண்டு அடுக்கு, அதுமேல ஒரு மணை, அதுமேல ஆம்ப். சுவத்துலேருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். இது முதுகு திறந்த கேபினெட், பின்பக்கமும் அதே அளவு சத்தம் போடும்.

மெத்தை விஷயம்: ஓப்பன் ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸ், அலை நீளம் 4 மீட்டருக்கு மேல. அஞ்சு இஞ்ச் தேங்காய் நார் மெத்தை அதுக்குக் கொசுவலை மாதிரி. மெத்தை ரூம் எதிரொலியைத்தான் குறைக்கும், அதுக்காக ஆம்புக்கு எதிர்ல ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி வைங்க. அலமாரிக்குள்ள காம்போவை அடைச்சு மூடுறது வேண்டவே வேண்டாம். வால்வு சூடு போக வழியில்ல, ஒலியும் பெட்டிக்குள்ள கத்துற மாதிரி வரும். கதவுக்குக் கீழ இருக்கிற அரை இஞ்ச் இடைவெளியை ஒரு டவலைச் சுருட்டி அடைச்சாலே வித்தியாசம் தெரியும்.

மைக்: டார்ச்சை கிரில் துணிமேல சாய்ச்சு அடிச்சா நடுவுல டஸ்ட் கேப் வட்டம் தெரியும். அந்த வட்டத்தோட ஓரத்துல மாஸ்கிங் டேப்ல ஒரு புள்ளி. எஸ்எம்57 துணியிலேருந்து 2 – 3 செ.மீ., நேரா. இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். லூப்பர் பெடல் (வாசிச்சதைத் திரும்பத் திரும்பப் போடுறது) இருந்தா ஒரு ரிஃபை அதுல போட்டு ஆம்புக்கு விட்டுட்டு, ஹெட்போன் மாட்டி, மைக்கை ஒரு செ.மீ. ஒரு செ.மீ.யா வெளிப்பக்கம் நகர்த்துங்க. நடுவுல கிச்சுன்னு குத்தும், ஓரத்துக்குப் போகப் போக மந்தமாகும். குத்தல் அடங்கி, பிக் கம்பியில படுற சத்தம் இன்னும் தெளிவா இருக்கிற ஒரு இடம் இருக்கு. பெரும்பாலும் வட்டத்தோட ஓரத்துலேருந்து ஒண்ணு ரெண்டு செ.மீ.க்குள்ள. அங்க இன்னொரு டேப்.

லூப்பர் இல்லைன்னா கித்தாரைக் கழட்டிட்டு ஆம்போட ஹிஸ்ஸை மட்டும் கேட்டு நகர்த்துங்க. ஹிஸ் எங்க ரொம்பக் கூர்மையா இருக்கோ அங்கேருந்து கொஞ்சம் தள்ளி வைங்க.

57க்கு இந்த அளவுல 35 – 45 டெசிபெல் கெயின் வேணும். இப்போ வர்ற இன்டர்ஃபேஸ் எல்லாம் தரும். 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். சீலிங் ஃபேனை நிறுத்துங்க. சத்தத்துக்கு மட்டும் இல்ல, மைக்ல காத்து அடிக்கும். பழைய டிம்மர் மாதிரி ரெகுலேட்டர்னா பிக்கப்லயும் இரைச்சல் ஏறும்.

---

ஈயப்புகை

லோடு பாக்ஸ் வாங்கணும்னு கட்டாயம் இல்லை. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலுமினிய உறை போட்ட 8.2 ஓம், 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் நான்கு வாங்குங்கள். இரண்டிரண்டாக சீரிஸில் கட்டி, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் சேர்த்தால் மறுபடி 8.2 ஓம்தான் வரும். ஆனால் தாங்கும் திறன் நாலு மடங்கு. ஹீட்சிங்க்கில் பேஸ்ட் தடவி இறுக்கிப் பூட்டுங்கள். ஹீட்சிங்க் இல்லாமல் தொங்கவிட்டால் மேலே அச்சிட்ட 50 வாட்டில் பாதியைக்கூட அது தாங்காது. 15 வாட் ஆம்ப் முழுக்க கிளிப் ஆனால் 30 வாட் பக்கம் தள்ளும் என்பதால்தான் இவ்வளவு தாராளம்.

சிக்னல் எடுக்க: லோடுக்குக் குறுக்கே 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் சீரிஸில், 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே அவுட்புட். 11 வோல்ட் 1 வோல்ட்டாக இறங்கும், லைன் இன்புட்டுக்குச் சரியான அளவு. இந்த இரண்டும் கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

ஆம்பிலிருந்து லோடுக்குப் போகும் வயர் ஸ்பீக்கர் வயராக இருக்கணும். கித்தார் கேபிளின் நடுக்கம்பி முடி மாதிரி மெல்லிசு. அது அறுந்தால் வைத்தியர் சொன்ன ஓப்பன் கதைதான்.

---

வால்வுவைத்தியர்

ஈயப்புகை சொன்ன சர்க்யூட் சரி, பாதுகாப்பும் சரி. ஆனால் ஆறாம்கம்பி கேட்ட ஒலி அதில் வராது. அதைச் சொல்லாமல் விட்டால் அவர் ரிச்சி தெருவுக்கு வீணாக அலைவார்.

ஸ்பீக்கரில் “8 ஓம்” என்று எழுதியிருப்பது ஒரு பேச்சுக்குத்தான். ஏறத்தாழ 80 – 100 ஹெர்ட்ஸில் அதன் ரெசொனன்ஸ் வரும்போது இம்பீடன்ஸ் (ஏசி மின்தடை) பல மடங்கு எகிறும். நடுவில் 8க்குப் பக்கத்தில் இறங்கும். பிறகு வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மேலே போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும். ட்யூப் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால் ஆம்ப் இந்த மேடுபள்ளத்துக்கு ஏற்ப வோல்டேஜைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும். பாம்-மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி) அடிக்கும்போது வரும் “தும்”மும் மேலே இருக்கும் பளபளப்பும் பாதி அங்கிருந்துதான். வெறும் ரெசிஸ்டர் எல்லா அலைவரிசையிலும் 8 ஓம். அதனால் தட்டையாக, போர்வை போர்த்திய மாதிரி இருக்கும். 3 – 6 டெசிபெல் மட்டும் குறைக்கும் அட்டென்யூட்டரில் இது பெரிதாகத் தெரியாது. முழு லோடாக வைத்தால் கட்டாயம் தெரியும்.

ரியாக்டிவ் லோடு காயிலும் கெப்பாசிட்டரும் வைத்து அந்த மேடுபள்ளத்தைப் போலியாக உண்டாக்குகிறது. உங்கள் தேவைக்கு டூ நோட்ஸ் கேப்டர் வகை போதும்: 100 வாட் தாங்கும், 4, 8, 16 ஓம் என்று தனித்தனி மாடல். நீங்கள் 8 ஓம்தான் வாங்க வேண்டும். அதில் 20 டெசிபெல் குறைத்த ஸ்பீக்கர் அவுட்டும் உண்டு. 15 வாட் 0.15 வாட் ஆகும். மேலே போட்ட கணக்கில் 89 டெசிபெல் வரி அதுதான். பகலில் மைக் வைத்து எடுக்கவும் அது உதவும்.

இணைக்கும் வரிசை: ஆம்ப் ஆஃப். சேசிஸில் செருகியிருக்கும் உள் ஸ்பீக்கர் பிளக்கை உருவுங்கள். அந்த ஜாக்கிலிருந்து லோடு பாக்ஸின் ஆம்ப் இன்புட்டுக்கு ஸ்பீக்கர் வயர். லோடு பாக்ஸின் லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு. கித்தார் இன்புட்டுக்கு அல்ல. ப்ளூஸ் ஜூனியரில் ஸ்டாண்ட்பை சுவிட்ச் இல்லை, அதனால் எல்லா வயரும் மாட்டிய பிறகே பவர்.

ஒரு எச்சரிக்கை: சத்தம் வராததால் ஆம்ப் சும்மா இருக்கிறது என்று தோன்றும். அது முழு மூச்சில் உழைத்துக்கொண்டிருக்கும். நடுநடுவே பின்பக்கம் எட்டிப் பாருங்கள். வால்வுக்குள் இருக்கும் தகடே சிவந்து தெரிந்தால் உடனே ஆஃப் செய்து பயஸை (வால்வின் ஓய்வு கரண்ட் அளவை) பார்க்கக் கொடுங்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் இழை வேறு, அது இருக்க வேண்டியதுதான்.

---

ஈயப்புகை

ஒத்துக்கொள்கிறேன். ரெசிஸ்டர் லோடு ரிப்பேர் மேசைக்குச் சிறந்தது, ஒலிக்கு இரண்டாம்பட்சம். முதல் ப்ரீஆம்ப் வால்வு 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றி 12ஏஒய்7 போடச் சொல்லி யாராவது வருவார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கெயின் 100லிருந்து 45 பக்கம் இறங்கும், நாப் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். முழுக்கத் திருப்பினால் பவர் வால்வு அதே வாட்தான் தரும். அது வேறு நோய்க்கு மருந்து.

---

ஆறாம்கம்பி

எல்லாருக்கும் நன்றி. மைக் முறை ரிதம் பகுதிக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. லீடுக்கு 8 ஓம் ரியாக்டிவ் லோடு வாங்கி, வைத்தியர் சொன்ன வரிசையில் மாட்டினேன். வாசிக்கும்போது விரலுக்குச் சரியாகத் தெரிகிறது. இரண்டு சிக்கல்:

1. லைன் அவுட்டை இன்டர்ஃபேஸில் செருகிய உடனே தொடர்ந்து ஒரு “ம்ம்ம்ம்”. கித்தார் வால்யூமை மூடினாலும் போவதில்லை.
2. ரீப்பரின் ரீவெர்ப் (ReaVerb) ப்ளக்இன்னில் கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டி, மைக்கின் ஒலித்தன்மையைப் பதிந்த ஃபைல்) போட்டும் மேலே தேனீக் கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

---

ஈயப்புகை

முதல் சிக்கல் கித்தாரில் இல்லை, வால்யூமை மூடியும் வருகிறதே. ம்ம்ம் எந்தச் சுருதி என்று பாருங்கள். ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். ஹம் அதற்கு ஒரு ஆக்டேவ் கீழே மொத்தமாகக் கேட்டால் 50 ஹெர்ட்ஸ், அதாவது கிரவுண்ட் லூப். அதே ஸ்வரத்தில், கொஞ்சம் கரடாகக் கேட்டால் 100 ஹெர்ட்ஸ், ஆம்பின் பவர் சப்ளை ஃபில்டர் பக்கம் சந்தேகப்படணும்.

50 என்றால், ஆம்ப் ஒரு எர்த், லேப்டாப் சார்ஜர் வழியாக இன்டர்ஃபேஸ் இன்னொரு எர்த், நடுவில் உங்கள் லைன் கேபிளின் ஷீல்டு பாலம். சார்ஜரை உருவிப் பாருங்கள். ஹம் நின்றால் நோய் உறுதி. மருந்து: இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவது. போகவில்லையென்றால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் டிஐ பாக்ஸ் (சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்ப மாற்றும் பெட்டி) வைத்து, கிரவுண்ட் லிஃப்ட் (ஷீல்டு இணைப்பைத் துண்டிக்கும்) சுவிட்சைப் போட்டு, மைக் இன்புட்டில் எடுங்கள்.

ஆம்பின் மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்தால் ஹம் போய்விடும் என்று எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் செய்யாதீர்கள். உள்ளே 230 வோல்ட் மெயின்ஸ் லைவ் வயர் வருகிறது. அது சேசிஸைத் தொட்டால் அடுத்து தொடுவது கித்தார் கம்பி, அதற்கடுத்து உங்கள் விரல். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் எடுக்காதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் எந்த கிரவுண்டைச் சரிசெய்தும் அந்த ஜிர்ர் போகாது.

---

மூடியகதவு

தேனீக்குக் காரணம் அனேகமா இதுதான்: ரீவெர்ப்ல வெட், ட்ரைன்னு ரெண்டு ஸ்லைடர் இருக்கும். அது ரிவர்புக்குன்னு செஞ்ச ப்ளக்இன்ங்கறதால ட்ரையை அப்படியே விட்டா, ஐஆர் போட்ட ஒலியோட ஐஆர் போடாத பச்சை லைன் அவுட்டும் கலந்து வரும். ட்ரையை அடிவரை இறக்குங்க, வெட் 0ல. கித்தார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினா சரிவா இறங்கிடும், லைன் அவுட்ல அந்தச் சரிவே கிடையாது. நீங்க கேக்குற தேனீ அந்த மேல் பகுதிதான். அப்படியே இசட்எல் (ஜீரோ லேட்டன்சி) கட்டத்தை டிக் பண்ணிடுங்க, வாசிக்கும்போது தாமதம் குறையும். பஃபர் 128, 48 கிலோ ஹெர்ட்ஸ்னா ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட்தான்.

அப்புறம் லோடு பாக்ஸ்லேயே ஸ்பீக்கர் சிமுலேஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அதுவும் ஐஆரும் சேர்ந்தா கம்பளி மூடின மாதிரி ஆகும், ஒண்ணு மட்டும் போதும். ஐஆர் முழுசா வேலை செஞ்சும் கொஞ்சம் குத்தினா 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டுற ஒரு லோ-பாஸ், 90க்குக் கீழ வெட்டுற ஒரு ஹை-பாஸ். அதுக்கு மேல ஈக்யூவைத் தொடுறதுக்கு முன்னாடி ஐஆரை மாத்திப் பாருங்க. மைக்கை ஒரு செ.மீ. நகர்த்தின வித்தியாசம் எந்த ஈக்யூ பேண்ட்லயும் கிடைக்காதுன்னு போன வாரம் கையாலேயே பார்த்திருப்பீங்க.

---

ஆறாம்கம்பி

ட்ரை ஸ்லைடர்தான். இறக்கினதும் தேனீ போச்சு. ஹம் 50தான், சார்ஜரை உருவினால் நிற்கிறது, ஒரே போர்டில் போட்டும் லேசாக மிச்சம் இருக்கிறது. டிஐ பாக்ஸ் வரும்வரை லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று: மாஸ்டர் 8ல் இருந்த கடகட அதிர்வும் இப்போது இல்லை.

---

வால்வுவைத்தியர்

அந்தக் கடகட ஈஎல்84 வால்வுகளுடையது. சேசிஸிலிருந்து தலைகீழாக ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே தொங்குவதால் சத்தம் ஏறினால் உள்ளே தகடுகள் ஆடும். ஸ்பீக்கர் ஊமையானதால் அதுவும் ஊமை. மறுபடி ஸ்பீக்கரில் வாசிக்கும்போது வந்தால், ஆம்ப் ஆனில் இருக்கும்போது பென்சிலின் பின்புறத்தால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி எது கேட்கிறதோ, அதைத்தான் மாற்ற வேண்டும். ஈஎல்84 மாற்றுவதானால் இரண்டையும் பொருந்திய ஜோடியாகவே மாற்றுங்கள்.